மிட்டாய்ப் பொட்டலத்தின் பின்புறம்

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்றால் உயிர். சம்பள நாளன்று கடைக்குப் போகும் தகப்பனார் அரிசி, பருப்பு, சீனி எல்லாம் வாங்கி முடித்த பிறகு, கடைசியாக ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள் முதலில் தேடுவதும் அதைத்தான். அந்தப் பொட்டலத்தின் முன்புறத்தில் பழங்களின் படம் வண்ண வண்ணமாக இருக்கும். பின்புறத்திலோ எறும்பு ஊர்ந்தாற்போல் சின்னஞ்சிறு எழுத்துகள் இருக்கும். நாம் முன்புறத்தைப் பார்த்து வாங்குகிறோம். பின்புறத்தைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்தப் பின்புறத்தைப் பற்றித்தான்.

ஒரு பெரியவரை நினைத்துக்கொள்வோம். நம்மைப் போலவே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு வடக்கே மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே தோட்டவேலை செய்யும்போது பலமுறை உண்ணி கடித்திருக்கிறது. அதன் பிறகு ஆட்டுக்கறியோ வேறு விலங்கின் இறைச்சியோ சாப்பிட்டால் அவருக்கு உடம்பு முழுவதும் தடித்துப் போகிறது, மூச்சு அடைக்கிறது. 'இனி இறைச்சி தொடாதீர்கள்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். தீபாவளிக்கு அவர் இங்கே தங்கை வீட்டுக்கு வருகிறார். விவரம் தெரிந்த தங்கை ஆட்டுக்கறி சமைக்காமல் கோழியும் மீனும் சமைத்து அண்ணனுக்குப் பரிமாறுகிறாள். எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது. சாப்பாடு முடிந்ததும் பேத்தி ஓடி வந்து, பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் மிட்டாய்களைக் கை நிறைய அள்ளி, 'தாத்தா, சாப்பிடுங்கள்' என்று நீட்டுகிறாள். பிள்ளையின் ஆசைக்கு மறுப்புச் சொல்லாமல் அவரும் ஐந்தாறு தின்கிறார். நள்ளிரவில், எல்லாரும் உறங்கிய பிறகு, உள்ளங்கையும் தலையும் அரித்து அவர் விழித்துக்கொள்கிறார். வயிறு பிசைகிறது. உதடு வீங்குகிறது. 'கறியே சமைக்கவில்லையே, எப்படி?' என்று வீடே கலங்குகிறது.

நேயர்களே, இந்தக் கதை கற்பனைதான். ஆனால் நடக்கக்கூடாத கற்பனை அல்ல. ஜெலட்டின் கலந்த மிட்டாயைத் தின்றதால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி, 2013-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மருத்துவர்கள் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். மிட்டாய்க்கும் இறைச்சிக்கும் என்ன தொடர்பு? அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த நோயைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்குகளைப் பாலூட்டிகள் என்கிறோம். மாடு, எருமை, ஆடு, பன்றி, மான், முயல் எல்லாம் பாலூட்டிகளே. இவற்றின் உடலில் 'ஆல்பா-கேல்' என்னும் ஒரு பொருள் இருக்கிறது. அது சர்க்கரை இனத்தைச் சேர்ந்த பொருள். ஆனால் நாம் தேநீரில் போடும் சீனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மனிதனின் உடலிலும் வாலில்லாக் குரங்குகளின் உடலிலும் அது கிடையாது. கோழி, வாத்து, மீன், இறால், நண்டு ஆகியவற்றிலும் கிடையாது.

சில இன உண்ணிகள் கடிக்கும்போது அவற்றின் எச்சில் வழியாக இந்த ஆல்பா-கேல் நம் தோலுக்குள் போகிறது. சிலருடைய உடம்பு அதைப் பகைவனாகக் கருதி, எதிர்த்துப் போரிடத் தயாராகிவிடுகிறது. பிறகு அதே பொருள் சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போனாலும், உடம்பு பழைய பகையை மறப்பதில்லை. அதனால் வருவதுதான் இந்த ஒவ்வாமை.

இதைக் கண்டுபிடித்த வரலாறும் சுவையானது. அமெரிக்காவில் செடக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்ட சிலர் முதல் முறையிலேயே கடுமையான ஒவ்வாமைக்கு ஆளானார்கள். காரணத்தைத் தேடிய மருத்துவர்கள், எலியின் உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கப்பட்ட அந்த மருந்தில் ஆல்பா-கேல் இருப்பதையும், அந்த நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கு எதிரான பொருள் முன்பே இருந்ததையும் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவரான தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் என்பவரையே, மலைப்பாதையில் நடந்து சென்றபோது குட்டி உண்ணிகள் மொய்த்துக் கடித்தன. பின்னர் ஒருநாள் மாலை ஆட்டிறைச்சி உண்ட அவருக்கு, ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்துப் போயிற்று. ஆராய்ந்தவரே நோயாளியும் ஆனார். ஆஸ்திரேலியாவிலோ, சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நூனன் என்பவரும் அவரோடு பணியாற்றியவர்களும், இறைச்சி ஒவ்வாமை வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பு உண்ணிக்கடி பட்டவர்கள் என்பதை 2009-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2010 முதல் அந்த நாட்டில் மட்டும் 4,50,000 பேர் வரை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

தோட்டத்தில் வாழும் நமக்கு மாட்டுண்ணியும் நாயுண்ணியும் புதியவை அல்ல. அதனால் அச்சம் கொள்ள வேண்டியதில்லை. எல்லா உண்ணிகளும் இந்த நோயைத் தருவதில்லை. உண்ணி கடித்த எல்லாருக்கும் இது வருவதும் இல்லை. ஆனால் இறைச்சி உண்ட இரவுகளில் காரணம் தெரியாத அரிப்பும் தடிப்பும் வாந்தியும் வயிற்றுவலியும் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வருமானால், 'பித்தம்' என்றோ 'சாப்பாடு சேரவில்லை' என்றோ விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். உண்ணி கடித்ததையும் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனையால் இதைக் கண்டறியலாம்.

இனி மிட்டாய்க்கு வருவோம். இந்த ஒவ்வாமையில் ஒரு விசித்திரம் உண்டு. நிலக்கடலை ஆகாதவர் அதைத் தின்றால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். இதில் அப்படி இல்லை. பொதுவாக 2 மணி முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தொல்லை தொடங்கும். 'ஒன்றைத் தின்று பார்ப்போம், ஆகாவிட்டால் நிறுத்திவிடுவோம்' என்ற வழக்கமான சோதனை இங்கே செல்லாது. நாக்குக்கு இனித்தது, வயிறும் ஏற்றுக்கொண்டது, ஆகவே கெடுதல் இல்லை என்று எண்ணி இன்னும் பத்து தின்றிருப்போம். உடம்பு எச்சரிப்பதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே இந்த நோயாளிக்குக் காவல் நாக்கு அல்ல, கண்தான். தின்பதற்கு முன் படிக்க வேண்டும். நாம் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்.

என்ன படிக்க வேண்டும்? முதலாவதாகத் தேட வேண்டிய சொல் ஜெலட்டின். விலங்குகளின் தோலையும் எலும்பையும் பக்குவப்படுத்திக் கொதிக்க வைத்து எடுக்கும் பசைப்பொருள் இது. பெரும்பாலும் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கிறார்கள். நிறமில்லை, மணமில்லை, சுவையும் இல்லை என்பதால் இருப்பதே தெரியாது. இழுத்தால் ரப்பர்போல் நீளும் ஜெலி மிட்டாய், கரடிக்குட்டி உருவத்தில் வரும் மிட்டாய், பஞ்சுபோன்ற மார்ஷ்மெல்லோ ஆகியவை அந்த மென்மையைப் பெறுவது பெரும்பாலும் இதனால்தான். சில வகை ஜெலி மாவிலும், கேக்கின் மேல் பூசும் களிம்பிலும், ஐஸ்கிரீமிலும்கூட இது இருக்கலாம். சில பொட்டலங்களில் பெயருக்குப் பதில் 441 என்ற எண்ணைப் போட்டிருப்பார்கள். அதுவும் ஜெலட்டின்தான்.

பழத்தின் படம் போட்டிருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. படம் சுவையைச் சொல்லுகிறது. சேர்ந்த பொருளைச் சொல்லுவதில்லை.

இரண்டாவது, ஜெலட்டின் என்று இருந்தால் எதன் ஜெலட்டின் என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் உணவு விதிகள் இதற்குத் துணை செய்கின்றன. மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பெற்ற பொருள் ஏதேனும் உணவில் இருந்தால், அதைப் பொட்டலத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 'மெங்கண்டுங்கி', அதாவது 'அடங்கியுள்ளது' என்ற மலாய்ச் சொல்லைத் தேடுங்கள். அதை அடுத்து 'லெம்பு' என்று இருந்தால் மாடு. 'பாபி' என்று இருந்தால் பன்றி. இந்த நோயாளிக்கு இரண்டும் ஆகாது. 'இக்கான்' என்று இருந்தால் அது மீன் ஜெலட்டின். மீன் பாலூட்டி அல்ல. ஆகவே இந்த ஒவ்வாமைக்கு அது தடையில்லை. உள்நாட்டில் தயாராகும் பொட்டலங்களில் இவை மலாய்மொழியில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவற்றில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கலாம். எதன் ஜெலட்டின் என்று தெரியாவிட்டால், விலங்கு ஜெலட்டின் என்றே கொண்டு ஒதுக்கிவிடுவது நல்லது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் நம்மில் ஏராளம். அந்த வீடுகளில்கூட, மாட்டு ஜெலட்டின் கலந்த மிட்டாய் அறியாமலே புழங்கிவரக்கூடும். நோய் இல்லாவிட்டாலும், என்ன உண்கிறோம் என்று அறிய விரும்புவோருக்கு இந்தச் சிறு எழுத்துகள் பயன்படும்.

மூன்றாவது, ஹலால் முத்திரையைப் பற்றிய குழப்பம். ஹலால் முத்திரை இருந்தால் பன்றிப் பொருள் இல்லை என்று நிச்சயமாக நம்பலாம். ஆனால் முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டின் ஹலால்தான். முஸ்லிம் மக்களுக்கு அந்த முத்திரை சரியான வழிகாட்டி. அதற்காகத்தான் அது இருக்கிறது. இந்த ஒவ்வாமைக்கு அது விடை சொல்லாது. அதுபோலவே, இந்தியாவிலிருந்து வரும் இனிப்புகளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கும். அது சைவ உணவு என்பதற்கு அடையாளம். அதில் இறைச்சியோ ஜெலட்டினோ இராது. ஆனால் பாலும் நெய்யும் இருக்கலாம்.

அந்தப் பாலைப் பற்றித்தான் நான்காவதாகச் சொல்ல வேண்டும். பால் பாலூட்டியிடமிருந்து வருவது. அதிலும் ஆல்பா-கேல் உண்டு. ஆயினும் இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பலர் பாலைத் தொல்லையின்றிச் சாப்பிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் பாலும் ஆகாது. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பால் ஆகாது என்று சொல்லப்பட்டவர்கள் 'சூசு' என்ற சொல்லைத் தேட வேண்டும். டாபி, பால் சாக்லேட், பால்கோவா ஆகியவற்றில் பால் இருப்பது தெரிந்ததே. வெண்ணெய், பாலேடு, மோர்ப்பொடி, கேசின், லாக்டோஸ் என்ற பெயர்களில் வருவதும் பாலிலிருந்து பெற்றதே. ஆனால் டாக்டரைக் கேட்காமல், வளரும் பிள்ளைக்குப் பாலை நாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

ஐந்தாவது, கொழுப்பு. 'லெமாக் ஹைவான்' என்றால் விலங்குக் கொழுப்பு. வெளிநாட்டு பிஸ்கோத்துகள் சிலவற்றில் பன்றிக்கொழுப்போ மாட்டுக்கொழுப்போ சேர்ப்பதுண்டு. நம் நாட்டில் செம்பனை எண்ணெய் தாராளமாகக் கிடைப்பதால் அதையே மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். 'மின்யாக் சாவிட்' என்று இருந்தால் அது நாம் அறுத்துப் போடும் செம்பனைக் குலையிலிருந்து வந்ததே, அஞ்ச வேண்டாம். 471 என்ற எண்ணுடைய பொருளைத் தாவரக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். அழுத்தி வில்லையாகச் செய்த மிட்டாய்களில் வரும் 572 என்ற எண்ணும் அத்தகையதே. இவற்றைப் பற்றி ஐயம் இருந்தால், பொட்டலத்தில் உள்ள முகவரிக்கு எழுதியோ தொலைபேசியில் அழைத்தோ தயாரிப்பாளரிடமே கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் தின்பது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. பெக்டின் என்பது ஆப்பிள், எலுமிச்சை இனப் பழங்களின் தோலிலிருந்தும் சக்கையிலிருந்தும் எடுப்பது. அதைக் கொண்டு செய்த ஜெலி மிட்டாய்களும் கடைகளில் உண்டு. மாவுப்பொருளும் பிசினும் தாவரத்திலிருந்து வருபவை. நம் வீடுகளில் பண்டிகைக்குக் காய்ச்சும் அகர் அகர் கடற்பாசியிலிருந்து கிடைப்பது; அதில் விலங்கு இல்லை. காராஜீனன் என்ற பொருளும் கடற்பாசியிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆயினும் இந்த நோயாளிகளில் சிலர் அது தமக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று கூறியிருக்கிறார்கள். ஆகவே 407 என்ற எண்ணைக் கண்டால் முன்யோசனையோடு டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சீனிப்பாகில் செய்த கெட்டி மிட்டாய், கடலை மிட்டாய், எள்ளுருண்டை, தேங்காய் மிட்டாய் ஆகியவற்றில் பெரும்பாலும் விலங்குப் பொருளுக்கு வேலை இல்லை. ஆனால் பொட்டலத்தில் வருபவை என்றால் அவற்றையும் படித்தே வாங்க வேண்டும்.

படிக்கும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. சேர்ந்த பொருள்களை எடைப்படி வரிசைப்படுத்துவார்கள். மிகுதியானது முதலில் வரும், குறைவானது கடைசியில் வரும். சீனி முதலில் இருக்கும். ஜெலட்டின் பின்னால் பதுங்கியிருக்கும். முதல் வரியோடு நிறுத்தாமல் கடைசிச் சொல்வரை படிக்க வேண்டும். போன மாதம் வாங்கிய அதே மிட்டாய்தானே என்று இந்த மாதம் படிக்காமல் விட்டுவிடக் கூடாது. தயாரிப்பாளர்கள் சேர்மானத்தை மாற்றிக்கொள்வதுண்டு.

இன்னும் ஓர் ஆபத்து, பிரித்து விற்கும் மிட்டாய்கள். பெரிய பையில் மேலட்டையில் எல்லாம் அச்சிட்டிருக்கும். உள்ளே ஒவ்வொரு மிட்டாயையும் சுற்றிய தாளில் பெயரைத் தவிர வேறொன்றும் இராது. கடைக்காரர் பையைப் பிரித்துப் போத்தலில் கொட்டியதும் அந்த விவரம் குப்பைக்குப் போய்விடுகிறது. பிறந்தநாள் விருந்தில் தட்டில் குவித்து வைக்கும் மிட்டாய்க்கும் இதே கதைதான். ஒவ்வாமை உள்ளவர் வீட்டிலோ விருந்திலோ இருந்தால், தின்று முடியும்வரை பொட்டலத்தின் அட்டையை எறியாதீர்கள். அவர் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். அவரும் 'வேண்டாம்' என்று சொன்னால், வற்புறுத்தாதீர்கள். விருந்தோம்பல் என்பது ஊட்டிவிடுவது மட்டும் அல்ல. வந்தவர் நலமாகத் திரும்பிப் போகச் செய்வதும் விருந்தோம்பலே.

இத்தனைக்குப் பிறகும் தவறு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? அரிப்பும் தடிப்பும் மட்டும் இருந்தால் டாக்டர் கொடுத்திருக்கும் மாத்திரையைக் கொடுத்து, அருகிலேயே இருந்து கவனிக்க வேண்டும். நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், தலை சுற்றி மயக்கம் வந்தால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. டாக்டர் அட்ரினலின் ஊசி கொடுத்துவைத்திருந்தால் உடனே போட வேண்டும். 999-ஐ அழைக்க வேண்டும், சிங்கப்பூரில் 995. மயங்குபவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைக்கலாம். எழுந்து நடக்க விடக்கூடாது. மூச்சுத் திணறுபவரைச் சாய்ந்து உட்கார வைக்கலாம். வெறும் மாத்திரையும் தைலமும் இந்த நிலைக்குப் போதா. 'விடியட்டும், பார்ப்போம்' என்ற சொல்லே இங்கே ஆகாத சொல். இந்த ஒவ்வாமையால் ஏற்பட்ட ஒரு மரணத்தைப் பற்றி 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மிட்டாய்ப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருந்துக் குளிகைகளின் மேலோடும் பெரும்பாலும் ஜெலட்டினே என்பதால், எந்த மருந்து வாங்கும்போதும் இந்த ஒவ்வாமையைச் சொல்லிவிடுவது அவசியம்.

மீண்டும் உண்ணி கடித்தால் ஒவ்வாமை வலுப்பெறும். கடி இல்லாமல் ஆண்டுகள் சில கழிந்தால், சிலருக்கு அது தணிந்துவிடுவதும் உண்டு. ஆகவே புல்லிலும் புதரிலும் வேலை செய்வோர் நீளக்கால்சட்டை அணிவதும், வீடு திரும்பியதும் உடம்பைப் பார்த்துக்கொள்வதும், ஆடுமாடுகளுக்கும் நாய்க்கும் உண்ணி நீக்குவதும் நல்ல பழக்கம்.

நேயர்களே, நாம் தொடக்கத்தில் கண்ட பெரியவரிடம் திரும்புவோம். அந்தக் கதையை நாம் மாற்றி எழுதலாம். பேத்தி மிட்டாயை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள். ஆனால் கையில் பொட்டலமும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மலாய் படித்த பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். 'தாத்தா, இதில் லெம்பு என்று போட்டிருக்கிறது. இது உங்களுக்கு வேண்டாம். கடலை மிட்டாய் இருக்கிறது. அதையும் படித்துப் பார்த்துவிட்டேன், அதைச் சாப்பிடுங்கள்' என்கிறாள். அன்றிரவு அந்த வீட்டில் எல்லாரும் விடியும்வரை நிம்மதியாக உறங்குகிறார்கள்.

பாட்டனுக்குப் படிக்க வராத மொழியைப் பேத்தி படிக்கிறாள். படிப்பு வீட்டுக்குப் பயன்படும் இடம் இதுதான். இன்று மாலையே உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து, பிள்ளைகளை உட்கார வைத்து, பின்புறத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.